வைரஸ் தாக்கிய செடிக்கு என்ன மருந்து அடிப்பது?

இலை சுருண்டு மஞ்சள் திட்டு விழுந்த செடியைக் கொண்டுவந்து காட்டுபவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். மருந்து இல்லை. பூஞ்சைக்கொல்லியோ பாக்டீரியா மருந்தோ வைரஸை ஒன்றும் செய்யாது. அது செடியின் செல்லுக்குள் புகுந்து, அந்தச் செல்லை வைத்தே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது.

முதலில் அது வைரஸ்தானா என்று பாருங்கள். சத்துக்குறை பெரும்பாலும் வயலில் பரவலாகத் தெரியும். வைரஸ் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கும். பக்கத்துச் செடி பச்சென்று நிற்கும். 2,4-டி களைக்கொல்லியின் சாரல் பட்டாலும் இலை இப்படித்தான் முறுக்கிக்கொள்ளும். வைரஸ் என்று பயந்து கொண்டுவந்த செடிகள் சில இந்த ரகம்தான். சந்தேகமிருந்தால் எலிசா அல்லது பிசிஆர் என்னும் ஆய்வகச் சோதனை சொல்லிவிடும்.

வைரஸுக்குச் செல்சுவரைத் தானாகத் துளைக்கத் தெரியாது. பூச்சியோ, நூற்புழுவோ, நம் கத்தியோ காயம் உண்டாக்கித் தர வேண்டும். உள்ளே போனபின் செல்லுக்குச் செல் உள்ள நுண்வழிகளில் நகர்ந்து, சாற்றுக்குழாயைப் பிடித்துக் குருத்துவரை போய்விடும். அறிகுறி தெரிய ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகலாம். அதற்குள் அந்தச் செடியிலிருந்து மற்ற செடிகளுக்கும் போயிருக்கும்.

யார் பரப்புகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் தடுப்பு. அசுவினி என்ற சாறுறிஞ்சும் சிறு பூச்சி, இலையில் திட்டுத்திட்டாக நிறம் மாற்றும் பல தேமல் வைரஸ்களை வாயூசியிலேயே ஏந்திச் செல்கிறது. ஒரு செடியில் குத்திப் பார்க்கும் சில விநாடிகள் போதும். பூச்சிக்கொல்லி அதைக் கொல்வதற்குள் காரியம் முடிந்துவிடும். மருந்து பட்டுக் கலைந்த அசுவினி செடிக்குச் செடி தாவினால் பரவல் கூடவும் செய்யும்! இதற்கு மண்மேல் விரிக்கும் வெள்ளி நிற நிலப்போர்வையும், வரப்பில் உயரமான பயிரும் மேல். தக்காளி இலைச்சுருட்டு வைரஸைக் கடத்தும் வெள்ளை ஈ அப்படியல்ல. நிறைய நேரம் உறிஞ்ச வேண்டும். வைரஸ் அதன் உடலுக்குள் சுற்றி உமிழ்நீருக்கு வரப் பல மணி நேரம் ஆகும். அதனால் இங்கே பூச்சியைக் கட்டுப்படுத்துவதில் பலன் உண்டு, அதுவும் நாற்றங்காலில் வலை கட்டி ஆரம்பத்திலேயே செய்தால். இலைப்பேன் என்ற நுண்பூச்சி இன்னொரு விதம்: குஞ்சாக இருக்கும்போது தக்காளிப் புள்ளிவாடல் வைரஸை எடுத்தால்தான் வளர்ந்தபின் பரப்பும். ஆகவே அது குஞ்சு பொரிக்கும் களைகளை ஒழிக்க வேண்டும்.

புகையிலைத் தேமல் வைரஸுக்குப் பூச்சியே தேவையில்லை. 1898இல் டச்சு அறிவியலாளர் பெய்யரிங்க், பாக்டீரியாவை நிறுத்தும் வடிகட்டியையும் தாண்டிப் போகும் தொற்று என்று விவரித்தது இதைத்தான். காய்ந்த இலையில் ஆண்டுக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். பீடி, சிகரெட் தொட்ட கையோடு பக்கக்கிளை கிள்ளினாலே ஒட்டிக்கொள்ளும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கிள்ளும்போது கையை அவ்வப்போது பாலில் நனைத்துக்கொள்வதும் பலன் தரும். பால் புரதம் வைரஸை மூடிவிடுகிறது.

நோய்ச்செடியைப் பிடுங்குவதிலும் ஒரு முறை உண்டு. அப்படியே உலுக்கிப் பிடுங்கினால் வெள்ளை ஈ பறந்து அடுத்த செடியில் உட்காரும். பையால் மூடி, பிறகு பிடுங்குங்கள். கரணை, கிழங்கு, பதியன் வைக்கும் பயிர்களில் தாய்ச்செடியின் வைரஸ் அப்படியே வரும். அவற்றுக்கு நுனிக்குருத்துத் திசு வளர்ப்பில் எடுத்து, சோதித்த கன்றை வாங்குங்கள்.