பெடல், மிதி, ஒலிமிதி: ஒரு சொல் விளக்கம்

பெடல்: கிட்டாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே, வாசிப்பவரின் காலடியில் கிடக்கும் சிறிய உலோகப் பெட்டி. கிட்டாரிலிருந்து வரும் மின் அலையை வாங்கி, அதைக் கரகரக்க வைத்தோ, நடுங்க வைத்தோ, எதிரொலிக்க வைத்தோ ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும். வாசிக்கும்போது இரண்டு கையும் கம்பியில் இருப்பதால், அதை இயக்குகிற வேலை காலுக்கு வந்தது. முழுப்பெயர் எஃபெக்ட்ஸ் பெடல். மெல்லிசைக் குழுக்களில் ‘எஃபெக்ட்ஸ்’ என்று மட்டும் சொன்னாலே விளங்கிவிடும்.

அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் உதிரிப் பாகங்கள் வாங்கி, இந்தப் பெட்டிகளை வீட்டிலேயே செய்பவர்கள் சென்னையில் இருக்கிறார்கள். இந்த விளக்கம் முதன்மையாக அவர்களுக்காக. கடையில் வாங்கும் பெடலின் முகத்தில் எழுத்து ஏற்கெனவே அச்சாகி வந்துவிடுகிறது. நாமே செய்த பெட்டியின் முகம் வெறுமையாக இருக்கிறது. அதில் எந்த மொழியில், எந்தச் சொல்லை எழுதுவது என்பது செய்தவர் கையில். தமிழில் எழுதலாம், எழுதுவதற்குத் தகுந்த சொற்களும் நம்மிடம் இருக்கின்றன என்பதே நான் சொல்ல வருவது.

முதலில் சொல்லின் பிறப்பு. இலத்தீனில் ‘பெஸ்’ என்றால் கால். வேற்றுமை ஏற்கும்போது அது ‘பெடிஸ்’ ஆகும். அதிலிருந்து இத்தாலிய மொழியில் ‘பெடாலே’, பிரெஞ்சில் ‘பெதால்’, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் ‘பெடல்’. ஆங்கிலத்தில் அது முதலில் குறித்தது தேவாலய ஆர்கனில் காலால் அழுத்தி வாசிக்கும் மரக்கட்டைகளை. ஆக, அங்கே அது பிறக்கும்போதே இசைச் சொல். சைக்கிளுக்குப் பெடல் வந்தது 19-ஆம் நூற்றாண்டில்தான்.

தமிழில் நடந்தது இதற்கு நேர்மாறு. பெடல் என்ற சொல் நம் பேச்சில் ஊன்றியது சைக்கிளால். கால் எட்டாத பிள்ளைகள் பாருக்குக் கீழே காலை நுழைத்து ஓட்டுவதைக் ‘குரங்குப் பெடல்’ என்கிறோமே, அந்த அளவுக்கு அது நம் சொல்லாகிவிட்டது. தையல் எந்திரத்திலும் அதே பெயர்தான். நாடக மேடையிலும் தேவாலயத்திலும் காலால் துருத்தியை மிதித்து வாசித்த ஆர்மோனியத்தைச் சுட்டவும் இது பயன்பட்டது. கிட்டார்ப் பெட்டிக்கு அது வந்து சேர்ந்தது கடைசியில்.

இலத்தீன் ‘பெஸ்’, கிரேக்க ‘பூஸ்’, ஆங்கில ‘ஃபுட்’, சமஸ்கிருத ‘பாத’ எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை. நாம் வழங்கும் பாதம் என்ற சொல் சமஸ்கிருதத்திலிருந்து வந்தது. எனவே யாராவது பெடலைப் ‘பாதப்பெட்டி’ என்று தமிழாக்கினால், பெடலின் ஒன்றுவிட்ட உறவையே வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். அது தவறில்லை. ஆனால் அந்த வேலையைச் செய்யத் தமிழிலேயே வேறொரு சொல் மிகப் பழைய காலத்திலிருந்து காத்திருக்கிறது.

அந்தச் சொல் மிதி.

பெரும்பாணாற்றுப்படையில் ‘மிதியுலைக் கொல்லன்’ வருகிறான். வயலில் வளை தோண்டிக் கிடக்கும் நண்டின் பிளந்த காலுக்கு, அந்தக் கொல்லனின் முறிந்த கொடிற்றைப் புலவர் உவமை சொல்கிறார். கொடிறு என்பது குறடு. மிதியுலை என்பது துருத்தியைக் காலால் மிதித்துக் காற்றேற்றும் உலை. கை குறட்டிலும் சம்மட்டியிலும் இருப்பதால் காற்று வேலை காலிடம் போயிருக்கிறது. கிட்டார் வாசிப்பவரின் நிலைமையும் இதுவே. இதைவிட எனக்கு மகிழ்ச்சி தருவது வேறொன்று. அந்த நூல் முழுக்கவே பேரியாழ் சுமந்த பாணனைக் காஞ்சியில் இருக்கும் தொண்டைமான் இளந்திரையனிடம் வழிப்படுத்தும் பாட்டு. கம்பிக் கருவி வாசிப்பவனுக்காக, சென்னையும் அடங்கிய தொண்டை நாட்டைப் பற்றிப் பாடிய நூலில், காலால் இயக்கும் கருவிக்கான சொல் இருக்கிறது. மிதிவண்டி, மிதியடி என்று அதே சொல் இன்றும் நம்மோடுதான் புழங்குகிறது.

மிதி என்பது வினை ஆயிற்றே, பொருளுக்குப் பெயராகுமா என்று கேட்கலாம். அடி, உதை போல வினையின் முதனிலையே பெயராக நிற்பது தமிழில் இயல்பு. அந்தத் தொழிற்பெயர் ஒரு பொருளுக்கு ஆகி வருவதும் இயல்பு. ‘பொங்கல் உண்டேன்’ என்று தொழிலாகுபெயருக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த எடுத்துக்காட்டு இதற்குப் போதும். எனவே எஃபெக்ட்ஸ் பெடலை ஒலிமிதி என்று சொல்ல எந்தத் தடையும் இல்லை. ‘எஃபெக்ட்’ என்பதற்கு விளைவு என்று நேர்ப்பொருள் பார்த்து ‘ஒலிவிளைவு மிதி’ என்று நீட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. மேடையில் அவசரத்தில் சொல்ல முடியாத சொல் நிலைக்காது. ஆங்கிலத்தில் இதற்கு ஸ்டாம்ப் பாக்ஸ் என்று இன்னொரு பெயரும் உண்டு. அதற்கு மிதிப்பெட்டி அப்படியே பொருந்தும். பல மிதிகளை வரிசையாகப் பொருத்தும் பலகையை மிதிப்பலகை என்று சொல்லிவிடலாம்.

ஒரு வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். எல்லாப் பெடலும் ஒரே மாதிரி மிதிக்கப்படுவதில்லை. 1960-களின் நடுவில் வந்த வா-வா பெடலில் பாதம் முழுவதையும் வைத்து முன்னும் பின்னும் சாய்க்கிறோம். கால் அசைய அசைய, வாய் ‘ஊ’விலிருந்து ‘ஆ’வுக்குத் திறப்பது போலக் கம்பியின் ஒலி மாறுகிறது. பெடல் என்ற சொல்லின் பழைய பொருளுக்கு உண்மையாக இருப்பது இந்த வகைதான். மற்றவற்றில் கால் செய்வது ஒரு பொத்தானை ஒருமுறை அமுக்குவது மட்டும். முதல் வகையை வேறுபடுத்த வேண்டிய இடத்தில் அசைமிதி என்று சொல்லலாம்.

இனி, இந்தப் பெட்டிகள் ஒலியை என்ன செய்கின்றன என்பதற்கு வருவோம். சுவையான சொற்கள் இங்கேதான் இருக்கின்றன.

ஃபஸ் என்ற கரகரப்பு ஒரு பழுதிலிருந்து வந்தது. அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் பாடகர் மார்ட்டி ராபின்ஸின் பாட்டொன்றைப் பதிவு செய்தபோது, ஒலிக்கலவை மேசையின் ஒரு தடம் கெட்டுப்போய், கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரத்துக் கேட்டது. அதை அப்படியே விட்டுவிட்டார்கள். 1961-இல் வெளிவந்த அந்தப் பாட்டின் ஒலி பலருக்குப் பிடித்துப்போக, பதிவுப் பொறியாளர் கிளென் ஸ்னாடி அதே கரகரப்பை வேண்டும்போது வரவழைக்க ஒரு மின்சுற்றை அமைத்தார். 1962-இல் கிப்சன் நிறுவனம் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் விற்றது. 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதைப் பயன்படுத்திய பிறகு உலகமெங்கும் பரவியது. இதற்கு நம்மிடம் ஓசையால் பிறந்த இரட்டைக்கிளவி இருக்கிறது: கரகர. கரகரப்பு என்பதைவிட ஃபஸ்ஸுக்குச் சிறந்த தமிழ் எனக்குத் தெரியவில்லை.

டிஸ்டார்ஷன் இன்னும் நன்றாக அமைகிறது. இலத்தீனில் முறுக்குதல், திருகுதல் என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்த சொல் அது. தமிழில் திரிபு. ‘தோன்றல் திரிதல் கெடுதல்’ என்று புணர்ச்சியில் எழுத்து மாறுவதை நன்னூல் வகுத்திருக்கிறது. பெட்டிக்குள்ளும் ஓர் ஒலி வேறோர் ஒலியாகத் திரிகிறது. ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும் சுற்றால் அந்த ஒன்பது வோல்ட்டுக்கு மேல் அலையை உயர்த்த முடியாது. அதற்குமேல் பெருக்கச் சொன்னால் அலையின் முகடு தட்டையாக வெட்டுப்படும். வெட்டுப்பட்ட அலையில் மூல ஒலியில் இல்லாத மேல்சுரங்கள் முளைக்கும். காதுக்குக் கரகரப்பாகக் கேட்பது அவைதான். சுற்றில் அலையைப் பெருக்கும் டிரான்சிஸ்டருக்குத் திரிதடையம் என்றொரு தமிழ்ச்சொல் உண்டு. திரிபைச் செய்வது திரிதடையம் என்று பொருந்தி வருவதைக் கவனியுங்கள்.

டிரெமலோ இத்தாலியச் சொல். நடுங்குவது என்று பொருள். நம் கமகங்களில் கம்பிதம் என்ற பெயருக்கும் நடுக்கம் என்றே பொருள். ஆனால் கம்பிதத்தில் அசைவது சுரத்தின் நிலை. டிரெமலோவில் ஏறி இறங்குவது ஒலியின் அளவு. எனவே கம்பிதம் என்று எழுதினால் கர்நாடக இசை தெரிந்தவர்கள் தவறாகப் புரிந்துகொள்வார்கள். நடுக்கம் என்பதே சரி. எக்கோவுக்கு எதிரொலி இருக்கிறது. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

டோன் என்ற குமிழுக்குத் தொனி என்று எழுதலாம். இரண்டும் உறவு போலத் தோன்றும், ஆனால் இல்லை. டோன் கிரேக்க ‘டோனோஸ்’. இழுத்துக் கட்டுதல் என்று பொருள், இழுத்துக் கட்டிய கம்பியை நினைத்து வந்தது. தொனி சமஸ்கிருத ‘த்வனி’. ஓசை என்று பொருள். ஓசை ஒத்திருப்பது தற்செயல். ஆனாலும் பொருள் சரியாக இருப்பதால் நான் தொனியை விரும்புகிறேன்.

செய்வதற்கு எளிய சுற்று வேண்டுமென்றால் எலக்ட்ரோ-ஹார்மோனிக்ஸ் நிறுவனம் 1960-களின் இறுதியில் கொண்டுவந்த எல்பிபி-1 வகைதான். ஒரே டிரான்சிஸ்டர், நான்கு மின்தடைகள், இரண்டு மின்தேக்கிகள், ஒரு குமிழ். இது திரிக்காது, பெருக்கும். ஆம்ப்ளிஃபயரைத் திணறவைத்துத் திரிபை அங்கே நடக்கவிடும். ரிச்சி தெருக் கடையில் மின்தடை, மின்தேக்கி என்று கேட்பதைவிட ரெசிஸ்டன்ஸ், கண்டன்சர் என்று கேட்பது வேலையை விரைவாக்கும். அந்தச் சொற்களும் ரேடியோ மெக்கானிக்குகள் தலைமுறையாகப் பேசிய தமிழ்தான், அவற்றை விரட்ட வேண்டியதில்லை. பாகங்களைப் பற்றவைக்கும் ஈயம் போன்ற பொருளுக்குப் பழைய சொல் பற்றாசு. பொற்கொல்லர்கள் இதைப் பொடி என்பார்கள். பூடகமாகப் பேசுவதைப் பொடி வைத்துப் பேசுவது என்கிறோம் அல்லவா, அது அவர்கள் பட்டறையிலிருந்து வந்ததென்று சொல்வார்கள்.

சென்னைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று ஜெர்மேனியம் பற்றியது. 1966-இல் லண்டனில் வந்த ஃபஸ் ஃபேஸ் பெட்டியைச் செய்ய ஆசைப்படுபவர்கள் பழைய டிரான்சிஸ்டர் வானொலிகளில் இருந்த ஏசி128 போன்ற ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களைத் தேடுவார்கள். அவற்றின் ஒலி இனிமையானது. ஆனால் வெப்பம் ஏறினால் ஜெர்மேனியத்தில் மின்கசிவு ஏறும். ஏறக்குறைய ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இரட்டிப்பாகும். மார்கழி இரவில் சரியாக ஒலித்த பெட்டி, கத்திரி வெயிலில் திறந்தவெளி மேடையில் திக்கித் திணறும். பயஸை, அதாவது டிரான்சிஸ்டர் ஓய்வில் நிற்கும் மின்னழுத்த நிலையை, மாற்ற உள்ளே ஒரு சிறு திருகு மின்தடை வைத்துவிடுவது நல்லது. இல்லையென்றால் பிசி108 போன்ற சிலிக்கான் டிரான்சிஸ்டருக்குப் போய்விடலாம்.

பெட்டிக்கு அலுமினிய வார்ப்புதான் சிறந்தது. உலோகம் சுற்றிலும் இருந்தால் வீட்டு மின்சாரத்தின் உறுமல் உள்ளே புகாது. பிளாஸ்டிக் டப்பாவில் அந்தக் காப்பு கிடையாது. எவர்சில்வர் டப்பாவும் காக்கும், ஆனால் துளை போடக் கடினம். கால் பொத்தானுக்கு 12 மில்லிமீட்டர், குமிழுக்கு 7, விளக்குக்கு 5 என்று துளைகளைப் போட்ட பிறகே பூச்சு வேலை.

ஸ்ப்ரே பெயிண்ட் அடிப்பதென்றால் வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு அடியுங்கள். ஈரக்காற்றில் லாக்கர் வெளுத்து மங்கிவிடும். எனக்கு மிகவும் பிடித்தது அரிப்பு வேலை. நெயில் பாலிஷால் அலுமினியத்தில் ஒரு புள்ளிக்கோலம் வரைந்து ஃபெரிக் குளோரைடு கரைசலில் வைத்தால், பாலிஷ் மூடாத இடம் அரிக்கப்பட்டுக் கோலம் மேடாக நிற்கும். அலுமினியத்தின் மேல் அந்தக் கரைசல் சூடாகிப் பொங்கும்; ஆகவே நீர்த்துப் பயன்படுத்த வேண்டும், கையுறையோடு மொட்டை மாடியில் செய்ய வேண்டும், மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டக் கூடாது.

எழுத்துக்கு நம் ஊரிலேயே இரண்டு தொழில்கள் இருக்கின்றன. பைக்குகளுக்குப் பெயர் ஒட்டித்தரும் ரேடியம் ஸ்டிக்கர் கடையில் எந்தத் தமிழ் எழுத்தையும் அளவு சொல்லி வெட்டி வாங்கலாம். பாத்திரக் கடைகளில் குடத்திலும் தாம்பாளத்திலும் பெயர் வெட்டுபவர்களிடம் பெட்டியைக் கொடுத்தால் அலுமினியத்திலும் வெட்டித் தருவார்கள். அவர்கள் கை தமிழெழுத்தின் வளைவுக்குப் பழகிய கை. சுற்றைப் பொருத்துவதற்கு முன், வெறும் பெட்டியாக எடுத்துப் போங்கள். குமிழ்களுக்கு ஒலி, தொனி, திரிபு. பெருக்கும் சுற்றென்றால் பெருக்கம். கால் பொத்தானை அமுக்கி, அலை சுற்றுக்குள் போகாமல் நேராகக் கடந்துபோகும் நிலைக்கு ஆங்கிலத்தில் பைபாஸ். பெருங்களத்தூரிலிருந்து நகருக்குள் நுழையாமல் வடக்கே போகும் சாலையைப் புறவழிச்சாலை என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். பெட்டியில் அதைப் புறவழி என்று எழுதினால் விளக்கம் தேவைப்படாது.