கூண்டு ஏறும் நாளில் தாமதிக்கும் தகவல்

பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்ட ஒரு காலையில், மண்டபம் பகுதி மீனவர்களுக்காக நாங்கள் எழுதியிருந்த செயலி முப்பது விநாடிகள் சுழன்றுகொண்டே நின்றது. அலை உயரம், காற்றெச்சரிக்கை, மீன் கிடைக்கும் பகுதி, ஏல விலை ஆகியவற்றை நான்கு இணைய மூலங்களிலிருந்து திரட்டித் தருவது அதன் வேலை. மூன்று மூலங்கள் ஒரு விநாடிக்குள் பதில் தந்துவிட்டன. விலைக்காகக் காத்திருந்ததால், கைக்கு வந்துவிட்ட காற்றெச்சரிக்கைகூடத் திரையில் தெரியவில்லை. முழுக்க எங்கள் வடிவமைப்பின் பிழை அது.

தரவுத்தளங்கள் 1979-இல் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் என்ற ஆய்வுத் தரவுத்தளம் காட்டிய வழியில், வட்டிலிருந்து எவ்வளவு வாசிக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டு, கேட்ட தகவலைத் தேடியெடுக்கச் செலவு குறைந்த வழியை, அதாவது வினவல் திட்டத்தை, தேர்ந்தெடுக்கின்றன. வட்டு நம் கையில் இருக்கும்வரை அக்கணக்கு செல்லும். பிறருடைய சர்வரைப் பொறுத்தவரை, அழைத்த நேரமும் பதில் வந்த நேரமுமே நமக்குத் தெரியும். ஆகவே அவற்றைக் கிழமை, மணி, விடையின் அளவு ஆகியவற்றோடு சேர்த்துப் பதிந்து, அடுத்த பதில்நேரத்தைக் கணிக்க வேண்டும்.

சராசரி மட்டும் போதாது. 1988-இல் கணினி அறிஞர் வேன் ஜேக்கப்சன், இணையத்தில் தரவைக் கொண்டுசேர்க்கும் டிசிபி நெறிமுறைக்கு வகுத்த முறை, பதில்நேரத்தின் சராசரியோடு, அதிலிருந்து அது எவ்வளவு விலகுகிறது என்பதையும் தொடர்ந்து கணக்கிடுகிறது. இன்றைய வழக்கில் சராசரியோடு விலகலின் நான்கு மடங்கைக் கூட்டியே காத்திருப்பு வரம்பு வைக்கப்படுகிறது. எங்களுக்கும் அது உதவியது. ஆனால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, விலை மூலத்தை நாடுவோர் குறைந்து, அது மிக விரைவாகப் பதில் தந்தது. அந்த 61 நாள் பதிவை நம்பி வைத்த வரம்பு, படகுகள் மீன்பாட்டோடு திரும்பிய முதல் நாளிலேயே பொய்த்துப்போனது. பழைய பதிவுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதே, என் அனுபவத்தில், இதில் மிகக் கடினமான முடிவு.

கணிப்பு சரியாக இருந்தால் திட்டமே மாறும். 40 மீன் இறங்குதளங்களின் விலையை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டால், அழைப்புக்கு 0.3 விநாடி வீதம் 12 விநாடி ஆகும். முழுப் பட்டியலையும் ஒரே முறையில் வாங்க 5 விநாடி என்றால் அதுவே மேல். நெரிசல் வேளையில் அப்பட்டியலுக்கு 20 விநாடி ஆகுமெனக் கணிப்பு சொன்னால், தனித்தனியாகக் கேட்பதே நல்லது. பயனருக்குத் தேவை ஆறு தளங்கள் மட்டுமே என்றால் இரண்டு விநாடிக்குள் வேலை முடியும்.

நான்கு மூலங்கள் ஒவ்வொன்றும் 100-இல் 5 முறை தாமதித்தால், அனைத்துக்கும் காத்திருக்கும் திரை 100-இல் 18 முறைக்கு மேல் தாமதிக்கும். அதுவும் தாமதங்கள் ஒன்றையொன்று சாராதபோதுதான். கூண்டு ஏறிய நாளில் கரையெங்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே தகவலைத் தேடுவதால், மூலங்கள் சேர்ந்தே திணறுகின்றன. அப்போது மீண்டும் மீண்டும் அழைப்பது, திணறும் சர்வர்மீது மேலும் சுமை ஏற்றுவதாகும்; தயவுசெய்து அதைத் தவிர்க்க வேண்டும்.

இப்போது எச்சரிக்கை நாளையும் கணிப்பில் ஓர் அளவாகச் சேர்த்திருக்கிறோம். காற்றெச்சரிக்கை எவ்வளவு தாமதமானாலும் கைவிடப்படுவதில்லை, வந்தவுடன் முதலில் தோன்றுகிறது. விலை வரம்பைத் தாண்டினால், முந்தைய விலை அது பெறப்பட்ட நேரத்தோடு காட்டப்படுகிறது.