எலும்பு வளரும்வரை நிற்கும் பிளாஸ்டிக்

வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழுவதும், தலையில் பட்ட அடியைத் தைலம் தேய்த்து மறந்துவிடுவதும் நம் வீடுகளில் வழக்கம்தான். ஆனால் சிலருக்கு மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே இரத்தம் சிறுகச் சிறுகக் கசிந்துகொண்டிருக்கும். சில வாரங்கள் கழித்துத் தலைவலியும் நடையில் தடுமாற்றமும் அதைக் காட்டிக்கொடுக்கும். அறுவைச் சிகிச்சை நிபுணர் மண்டையோட்டில் சுமார் 14 மில்லிமீட்டர் அகலத்துக்குத் துளையிட்டு அந்த இரத்தத்தை வடித்துவிடுவார். ஆள் தேறிவிடுவார். துளை மட்டும் சரியாக மூடாது. அதன்மேல் தோல் உள்வாங்கி, தலை சீவும்போதெல்லாம் கைக்குத் தட்டுப்படும் பள்ளமாக நின்றுவிடும்.

முறிந்த எலும்பு கூடிவிடுகிறது, இந்தச் சின்னத் துளை ஏன் மூடுவதில்லை? முறிவில் இரு முனைகளும் அருகருகே இருப்பதால் எலும்புச் செல்கள் ஒன்றைப் பற்றி இன்னொன்றை அடையலாம். வெற்றிடத்தில் பற்றிக்கொள்ள எதுவுமில்லை. எலும்பு வந்து சேர்வதற்குள் நார்த்திசு முந்திக்கொண்டு இடத்தைப் பிடித்துவிடும். பிடித்த பிறகு விடவும் விடாது.

ஆகவே கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல எலும்புக்கும் ஒன்று வேண்டும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டீட்மார் ஹட்மாக்கர், தியோ ஸ்வீ ஹின் ஆகியோர் இருந்த ஆய்வுக் குழு இதற்குத் தேர்ந்தெடுத்த பொருள் பாலிகாப்ரோலாக்டோன். இது ஒருவகைப் பாலியெஸ்டர். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். உருகியதை மெல்லிய முனை வழியே நூலாக இழுத்து ஒரு வரிசை அடுக்குகிறார்கள். அடுத்த வரிசையை 60 பாகை திருப்பி அதன்மேல் வைக்கிறார்கள், அதற்கடுத்ததை இன்னும் 60 பாகை. இப்படியே அடுக்கிக்கொண்டு போனால் முக்கோணத் துளைகள் நிறைந்த வெள்ளை வலை கிடைக்கிறது. இந்த வடிவமைப்பைப் பற்றிய அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை 2002இல் வெளிவந்தது. முப்பரிமாண அச்சு என்றால் என்னவென்று பள்ளிப் பிள்ளைகள்கூட அறிந்திருக்கும் காலம் அல்ல அது.

வேலை செய்வது நூல்களைவிட அவற்றுக்கிடையே உள்ள துளைகள்தான். வலையை மண்டையோட்டுத் துளையில் பொருத்தியதும் இரத்தம் அதில் ஊறுகிறது. செல்கள் நூலில் ஒட்டிக்கொள்கின்றன, பின்னாலேயே நுண் இரத்தக் குழாய்கள் நுழைகின்றன. இரத்தக் குழாயிலிருந்து 0.2 மில்லிமீட்டருக்கு அப்பால் போனால் பெரும்பாலான செல்கள் பிராணவாயு கிடைக்காமல் மடிந்துவிடும். அதனால் துளைகள் ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருந்தாக வேண்டும். வலைத் துளைகளின் அளவைக் கூட்டினால் குழாய்கள் எளிதாக நுழையும், வலை வலுவிழக்கும். குறைத்தால் எதிர்மாறு. ஆய்வின் பெரும்பகுதி இந்த இழுபறியிலேயே கழிகிறது.

வலை கரைவதும் பொறுமையாகத்தான். உடலிலுள்ள நீர் அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை ஒவ்வொரு கண்ணியாக அறுக்கிறது. வெளித்தோற்றம் மாறாமலேயே உள்ளே சங்கிலிகள் குட்டையாகிக்கொண்டு வரும், எடை குறைவது அதற்கும் பிறகு. முழுதாக மறைய இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகலாம். கடைசியில் மிஞ்சுவது கரியமில வாயுவும் நீரும். எலும்பு நிதானமாக இறுகும் திசு என்பதால் அவசரமாகக் கரையும் பொருள் இங்கே உதவாது. எளிதில் உருகும் குணத்தால் ஒரு தொல்லையும் உண்டு. மற்றக் கருவிகளைப்போல 121 டிகிரி நீராவியில் வைத்துக் கிருமி நீக்க முயன்றால் குழம்புதான் மிஞ்சும். வேறு முறைகளைத்தான் நாட வேண்டும்.

இந்த ஆய்விலிருந்து 2003இல் ஆஸ்டியோபோர் நிறுவனம் பிறந்தது. 2006இல் அதன் வலைக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் கிடைத்தது. சிங்கப்பூரின் கென்ட் ரிஜ் வட்டாரத்தில் பல்கலைக்கழக ஆய்வகமும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையும் நடக்கும் தூரத்தில் இருப்பதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. அறுவை அறையில் எது இடித்தது, எது நழுவியது என்று மருத்துவர் அன்றே பொறியாளரிடம் போய்ச் சொல்லிவிடலாம்.

மண்டையோடு பாரம் சுமப்பதில்லை, அதனால் அது சுலபமான பக்கம். கால் எலும்பில் கதை வேறு. டைட்டானியம் தகடு எலும்பைப்போல ஐந்து மடங்குக்கு மேல் விறைப்பானது. பாரத்தை அதுவே வாங்கிக்கொண்டால் அடியிலுள்ள எலும்பு மெலியும். சுமைக்கேற்பவே எலும்பு தன்னை அமைத்துக்கொள்கிறது என்று ஜெர்மானிய அறுவைச் சிகிச்சை நிபுணர் ஜூலியஸ் வோல்ஃப் 1892லேயே எழுதிவிட்டார். பாலிகாப்ரோலாக்டோனோ எலும்பைவிட மிக மென்மை. அதனால் எலும்பிலுள்ள தாதுவை ஒத்த ட்ரைகால்சியம் பாஸ்பேட்டை எடையில் 20 விழுக்காடு கலந்து, துணைக்கு உலோகத் தகடும் வைத்துச் செம்மறியாட்டின் கால் எலும்பில் சோதித்திருக்கிறார்கள். ஹட்மாக்கர் ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற பிறகு நடந்த வேலை இது.

நோயாளிகளிடம் பலனை அளக்க சிடி ஸ்கேன்தான் வழி. கலப்பில்லாத பாலிகாப்ரோலாக்டோன் அதில் தெரியாது என்பது ஆய்வாளருக்கு வசதி: வலை இருந்த இடத்தில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புது எலும்புதான். ஆனால் ஒன்று, இரண்டு ஆண்டுகள் கழித்து ஸ்கேனுக்கு அழைத்தால், "நான் நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு வீண் அலைச்சல்?" என்று கேட்கும் தாத்தாவை எப்படி வரவழைப்பது? ஆய்வில் பங்கேற்பதா, பாதியில் விலகுவதா என்பது அவருடைய உரிமை. ஒப்புதல் படிவத்தில் உள்ளதைத் தமிழில் நிதானமாக எடுத்துச் சொல்ல ஓர் ஆள் முதல் நாளே அருகில் இருந்திருந்தால், அவர் வர வாய்ப்பு அதிகம்.