மலைப்பாதையில் வார இறுதி சைக்கிள்: கிலோமீட்டரை விட்டுவிட்டு ஏற்றத்தைக் கணக்குப் பாருங்கள்

விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் இயன்முறை மருத்துவர் நான். மலைப்பகுதிக்குச் சைக்கிளோடு போய்வந்தவர்கள் பெரும்பாலும் திங்கள், செவ்வாய்க்கிழமைகளில் வருவார்கள். கை மரத்துப்போயிருக்கும், அல்லது முட்டி மடக்க முடியாது, அல்லது காறை எலும்பு (கழுத்தடிக்கும் தோளுக்கும் நடுவில் உள்ள எலும்பு) உடைந்து தூளிக்கட்டோடு வந்து நிற்பார்கள். விழுந்தவர்களிடம் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று கேட்பது என் வழக்கம். பதில் அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும்: மதியத்துக்கு மேல், இறக்கத்தில், "இன்னும் கொஞ்சதூரம்தான், முடிந்துவிடும்" என்று நினைத்த நேரத்தில்.

இறக்கத்தில் விழுவதற்கான காரணம் பெரும்பாலும் இறக்கத்தில் இல்லை. வீட்டில் உட்கார்ந்து போட்ட திட்டத்தில் இருக்கிறது. சரளைக்கல்லும் மண்ணும் கலந்த பாதைக்குத் திட்டம் போடும்போது, தார்ச்சாலையில் பழகிய கிலோமீட்டர் கணக்கையே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். "வழக்கமாக 60 போவேன், மலை என்பதால் 45 வைத்துக்கொண்டேன்" என்பார்கள். அந்த 45-இல் எத்தனை மீட்டர் ஏற்றம் என்று கேட்டால் முழிப்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைப்போம். மொத்தம் 1000 மீட்டர் உயரம் ஏற, புவியீர்ப்பை வெல்ல மட்டும் சுமார் 830 கிலோஜூல் உழைப்பு வேண்டும். நிதானமாக 150 வாட் மிதிக்கிறவருக்கு அதற்கே ஒன்றரை மணி நேரம் ஆகிவிடும். மண்ணில் டயர் உருளும் தடை தனி. ஆகவே நான் சொல்லும் கைக்கணக்கு இது: சமதளச் சரளைக்கு மணிக்கு 18 கிலோமீட்டர், அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் பத்து நிமிடம். 45 கிலோமீட்டரும் 1000 மீட்டர் ஏற்றமும் என்றால் இரண்டரை மணி நேரமும் நூறு நிமிடமும். நான்கு மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. நின்று பார்க்க, சாப்பிட, ஒரு பஞ்சர் ஒட்ட ஒரு மணி நேரமாவது சேருங்கள். தார்ச்சாலையில் ஏறும்போது இழந்த நேரம் இறங்கும்போது கொஞ்சம் திரும்பக் கிடைக்கும். சரளையில் அது கிடைக்காது. இறக்கத்திலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டுதான் வரவேண்டியிருக்கும்.

இந்த ஏற்றக் கணக்கை எங்கிருந்து எடுப்பது? கோமூட், ரைட் வித் ஜிபிஎஸ் போன்ற செயலிகளில் பாதையை வரைந்தால் மொத்த ஏற்றமும் சரிவு விகிதமும் வந்துவிடும். ஆனால் அந்தச் சரிவு எண்ணை அப்படியே நம்பாதீர்கள். இப்படிப்பட்ட வரைபடங்கள் பலவற்றின் உயரத் தகவல், 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்வெளி ஓடம் ரேடாரால் எடுத்த அளவீட்டை ஒட்டியது. அது தரையில் சுமார் 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. நடுவில் 20 மீட்டர் தூரத்துக்குச் செங்குத்தாக ஒரு துண்டு இருந்தால் அது வழவழவென்று சமன் செய்யப்பட்டு, 8 சதவீதம் என்று சாதுவாகத் தெரியும். நேரில் போனால் இறங்கித் தள்ளுவீர்கள். சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடத்தில் கோடுகள் நெருக்கமாக இருக்கும் இடங்களில் செயலி என்ன சொன்னாலும் கூடுதலாகவே எதிர்பாருங்கள்.

தரை எப்படி இருக்கும் என்பதற்கு, பொதுமக்களே தகவல் சேர்க்கும் இணைய வரைபடமான ஓபன் ஸ்ட்ரீட் மேப் உதவும். அதில் மண்தடங்களை ஒன்று முதல் ஐந்து வரை தரம் பிரித்திருப்பார்கள். ஒன்று என்றால் கெட்டித்தரை. ஐந்து என்றால் பொதபொதவென்ற மண், புல். முதல் மூன்று தரங்களில் கிராவல் சைக்கிள் (சரளைப் பாதைக்கென்று அகல டயரோடு வரும் சைக்கிள்) நன்றாகப் போகும். நான்கும் ஐந்தும் மழைக்குப் பிறகு சேறு. யாரோ எப்போதோ போட்ட தகவல் அது என்பதால், செயற்கைக்கோள் படத்தையும் ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். மரங்களுக்கு அடியில் பாதை மறைந்துவிட்டால், அங்கே இலைச்சருகும் ஈரமும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அப்புறம், தடம் தெரிகிறது என்பதற்காக அதில் போக அனுமதி உண்டு என்று ஆகாது. காட்டுத்துறை நிலமா, தனியார் நிலமா என்பதை முன்பே கேட்டுவிடுங்கள். பூட்டிய கேட்டின் முன் நின்றுவிட்டுத் திரும்பி 12 கிலோமீட்டர் வருவதில்தான் பலருடைய நாள் தடம்புரள்கிறது.

சுற்றுப்பாதை என்றால் எந்தத் திசையில் சுற்றுவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கரடுமுரடான பக்கம் ஏறுங்கள், வழவழப்பான பக்கம் இறங்குங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். தாரில் ஏறுவது சுலபம், மண்ணில் இறங்குவது ஜாலி என்று. காலையில் தெம்பாக இருக்கும்போது மெதுவான வேகத்தில் கரடு ஏறினால், சறுக்கினாலும் காலை ஊன்றி நின்றுவிடலாம். அதே பாதையில் களைத்துப்போன கையோடு மணிக்கு 35 கிலோமீட்டரில் இறங்கும்போது சறுக்கினால் தோள்தான் முதலில் தரையைத் தொடும். காறை எலும்பு முறிவுகளில் பெரும்பகுதி இப்படித் தோளில் நேராக விழுவதால் வருவதுதான்.

கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாற்பதை ஒட்டிய வயதில் ஒருவர், மலைப்பயணம் முடிந்து வந்தார். விழவே இல்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்திருந்தன, அவ்வளவுதான், தூக்கத்தில் கை மடங்கியிருக்கும் என்றார். ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவில் இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். மறுமுனையை நான் மெல்ல இழுத்தேன். இடது கையில் தாள் அசையவில்லை. வலது கையில் கட்டைவிரலின் நுனி தானாகவே மடங்கியது. விரலை நேராக வைத்துக்கொண்டு பிடிக்க அவரால் முடியவில்லை. மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கத்தில் ஒரு குறுகிய சந்து வழியாக ஓடும் அல்னார் நரம்பு நசுங்கினால் இப்படி ஆகும். நாள் முழுக்க உள்ளங்கையின் அந்த ஓரத்தில் உடம்புப் பாரத்தைச் சாய்த்துக்கொண்டு, சரளையின் அதிர்வையும் வாங்கிக்கொண்டு, நீண்ட இறக்கத்தில் பிரேக்கை இறுக்கிப் பிடித்து வந்ததன் விளைவு. பெரும்பாலும் ஓய்வில் சரியாகும். ஆனால் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். மரத்துப்போவது ஓரிரு நாளில் போகவில்லை என்றாலோ பிடி தளர்ந்தாலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

இதைத் தடுக்க விலையுயர்ந்த கையுறை தேவையில்லை. முதலில் டயரில் காற்றைக் குறையுங்கள். 40 மி.மீ. அகல டியூப்லெஸ் டயரும் சுமார் 75 கிலோ எடையும் என்றால் 30 முதல் 40 பிஎஸ்ஐ வரை போதும், பின்சக்கரத்தில் ஒன்றிரண்டு கூடுதலாக. டியூப் போட்டிருந்தால் இன்னும் சற்றுக் கூட்டி வையுங்கள், இல்லையென்றால் கல்லில் இடித்து டியூப் நசுங்கிப் பஞ்சராகும். சீட்டின் மூக்கு கீழே சாய்ந்திருக்கிறதா பாருங்கள். சாய்ந்திருந்தால் முழுப் பாரமும் கைக்கு வந்துவிடும். இறக்கத்தில் ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடியுங்கள். அங்கிருந்து ஒன்று இரண்டு விரலாலேயே பிரேக்கை நன்றாக அழுத்தலாம், கையும் சீக்கிரம் சோர்ந்துபோகாது. வளைவுக்கு முன்பே, சைக்கிள் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். சாய்ந்தபடி சரளையில் முன்பிரேக்கைப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கிவிடும். நீண்ட இறக்கத்தில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்று கையை உதறுங்கள். ஏறியபோது செலவழித்த அந்த 830 கிலோஜூலில் பெரும்பங்கு, மெதுவாக இறங்கும்போது, பிரேக் தட்டின் சூடாகத்தான் வெளியேறுகிறது. தட்டுக்கும் ஆற நேரம் வேண்டும்.

முட்டிவலி இன்னொரு ரகம். தார்ச்சாலை ஏற்றத்தில் கியர் பற்றாவிட்டால் எழுந்து நின்று மிதித்துச் சமாளிப்போம். சரளையில் எழுந்து நின்றால் பின்சக்கரத்தின் மேலிருந்து பாரம் போய்விடும், சக்கரம் வெறுமனே சுழலும். எனவே உட்கார்ந்தபடியேதான் ஏறியாக வேண்டும். கனமான கியரில் உட்கார்ந்து நெம்பினால் அந்த அழுத்தம் முழுவதும் முட்டிச்சில்லுக்குப் பின்னால் இறங்கும். முன் பல்சக்கரத்தைவிடப் பின்னால் உள்ள பெரிய பல்சக்கரம் பெரிதாக இருக்கட்டும்; முன்னால் 40 பல் என்றால் பின்னால் 42-ஆவது இருக்க வேண்டும். சீட் உயரத்தையும் பாருங்கள். பெடல் அடியில் இருக்கும்போது முட்டி 25 முதல் 35 டிகிரி மடங்கியிருந்தால் சரி. வாடகை சைக்கிள் எடுப்பவர்கள் இதை அங்கேயே நின்று சரிசெய்துகொள்ளுங்கள். பயணத்துக்கு முந்தின நாள் புது சீட், புது ஷூ எதுவும் வேண்டாம்.

சாப்பாடு விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் பயணம் என்றால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, வெயிலையும் வியர்வையையும் பொறுத்து அரை லிட்டரை ஒட்டித் தண்ணீர். பசிக்கும்வரை காத்திருக்காதீர்கள். உச்சியில் போய்ச் சாப்பிடலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டு, சர்க்கரை குறைந்த தலையோடு இறங்குவது நல்லதல்ல.

காட்சிக்கு வருவோம், அதற்காகத்தானே போகிறோம். சைக்கிள் கண் போகும் பக்கம் போகும். பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் பாதையின் பள்ளத்தாக்குப் பக்க ஓரத்துக்கு வந்துவிடுவீர்கள். அதனால் எந்தெந்த இடத்தில் நிற்பது என்று வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள்: முகடு, அணைக்கட்டு, பாதை திரும்பும் முனை. நடுவில் கண் பாதையில் இருக்கட்டும். வெளிச்சத்தையும் யோசியுங்கள். மேற்குப் பார்த்த சரிவில் காலையில் நிழல் இருக்கும், ஏறுவதற்கு வசதி. சூரியனுக்கு எதிரே பார்த்தால் தூரத்து மலைகள் மூட்டமாகத்தான் தெரியும். காலையில் மேற்கையும் மாலையில் கிழக்கையும் பார்க்கும்படி நிற்குமிடங்களை வைத்தால் படமும் நன்றாக வரும்.

ஆனால் மாலைவரை முகட்டில் இருக்காதீர்கள். மலையில் இடிமேகம் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகு திரளும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் 30 வினாடிக்குக் குறைவாக இருந்தால் உடனே முகட்டைவிட்டு இறங்கி, உறுதியான கட்டடத்திலோ காரிலோ ஒதுங்குங்கள். கடைசி இடிச்சத்தத்துக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். சூரியன் மறையும் நேரம் என்று செயலி காட்டுவது சமவெளிக்கு. பள்ளத்தாக்கில் மலை மறைத்துவிடுவதால் வெயில் அதற்கு முன்பே போய்விடும். 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் 6, 7 டிகிரி குறையும். வியர்த்த சட்டையோடு அந்தக் குளிரில் காற்றைக் கிழித்து இறங்கும்போது விரல்கள் விறைத்து, பிரேக் எவ்வளவு பிடித்திருக்கிறது என்றே தெரியாது. மடித்துப் பாக்கெட்டில் வைக்கும் காற்றுத்தடுப்புச் சட்டை ஒன்று போதும். அதை உச்சியிலேயே போட்டுக்கொள்ளுங்கள், பாதி இறங்கிக் குளிர்ந்தபிறகு அல்ல.

திரும்பும் நேரம் ஒன்றை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மதியம் ஒரு மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவது என்றால், உச்சி அரை கிலோமீட்டரில் இருந்தாலும் திரும்புவதுதான். குழுவில் இதைக் கிளம்பும் முன்பே எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே நின்று விவாதித்தால் யார் ஜெயிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். பாதை நடுவில் தார்ச்சாலைக்கு இறங்கும் குறுக்குவழிகள் இரண்டாவது இருக்கட்டும். வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்து, போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் வெளியிலிருக்கும் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள்.

யாராவது விழுந்தால்: தலையில் அடிபட்டு, மயக்கம், குழப்பம், தலைவலி, குமட்டல் எது இருந்தாலும் அன்றைக்கு அவர் மறுபடி சைக்கிளில் ஏறக்கூடாது, "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றாலும். திரும்பத் திரும்ப வாந்தி, அதிகரிக்கும் தலைவலி, கை கால் பலவீனம் என்றால் நேராக மருத்துவமனை. அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும். சிராய்ப்பில் மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் நிறையக் கழுவுங்கள். துகள்கள் உள்ளே தங்கினால் தோலில் பச்சை குத்தியதுபோல நிலைத்துவிடும். மண் பட்ட காயம், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது என்றால் மறுபடி போட வேண்டும்.

இரண்டு நாளில் எந்த நாளில் பெரிய சுற்று? சனிக்கிழமை. ஆனால் வெள்ளி இரவு நடுநிசிவரை கார் ஓட்டிவிட்டு விடியற்காலை ஐந்துக்குக் கிளம்புவது வேண்டாம்; தூக்கம் முக்கியம், எட்டு மணிக்குக் கிளம்பும்படி பாதையைச் சுருக்குங்கள். ஞாயிறு இரண்டு மணி நேரச் சமதளச் சுற்று, ஆற்றோரமோ ஏரிக்கரையோ, பதினோரு மணிக்குள் முடியட்டும். குளித்து, சாப்பிட்டு, அரை மணி நேரம் கண்மூடிவிட்டுக் கிளம்பலாம். ஏனென்றால் அன்று மாலை யாரோ ஒருவர் களைத்த உடம்போடு மணிக்கணக்கில் காரை ஓட்டிக்கொண்டு வரப்போகிறார், அவர் பெயரையும் வெள்ளிக்கிழமையே முடிவு செய்து, ஞாயிறு சுற்றில் அவருக்கு விலக்குக் கொடுங்கள்.