சொல் விளக்கம்: அறங்காவலர்

அறங்காவலர்: பெயர்ச்சொல். பிறர் நலத்துக்கென்று கொடுக்கப்பட்ட பணத்தையோ நிலத்தையோ கட்டடத்தையோ தம் பொறுப்பில் வைத்திருந்து, கொடுத்தவர் குறித்த நோக்கத்துக்கு மட்டுமே அது செலவாகும்படி பார்த்துக்கொள்பவர். பேச்சில் டிரஸ்டி, மலாய்ப் பாரங்களில் (படிவங்களில்) பெமெகாங் அமானா. பிரித்தால் அறம் + காவலர். மகரம் ககரத்துக்கு முன் ஙகரமாகிறது. 'அரங்காவலர்' என்று சின்ன ரகரம் போட்டால் மேடைக்குக் காவல் நிற்பவர் என்றாகிவிடும். திருவிழாப் பதாகைகளில் இந்த மேடைக் காவலர்களை நிறையவே காணலாம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புறப் பட்டணத்தில் பி40 குடும்பங்களின் (வருமானத்தில் கீழ்த்தட்டு 40 விழுக்காட்டினரின்) வறுமையைப் போக்க ஓர் அமைப்பு தொடங்கினால், தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்று பதவிக்குத்தான் போட்டி இருக்கும். டிரஸ்டி பதவி, வயதில் மூத்தவரைக் கௌரவிக்கவோ தேர்தலில் தோற்றவரைச் சமாதானப்படுத்தவோ கொடுப்பதாகிப் போனது. ஆனால் மண்டபமோ நிலமோ வழக்குக்குள் போகும் நாளில் முதலில் தேடப்படுபவர் அவர்தான்.

ஆங்கிலத்தின் டிரஸ்ட், நம்பிக்கை என்று பொருள்படும் பழைய நோர்சுச் சொல்லிலிருந்து வந்தது. டிரஸ்டி என்றால் நம்பி ஒப்படைக்கப்பட்டவர். மலாயின் அமானா அரபு வழி. தமிழ் முஸ்லிம்கள் அமானிதம் என்பதும் அதே வேர்தான். தமிழ்ச் சொல் ஆளை விட்டுப் பொருளைப் பிடிக்கிறது. அறம் என்பது ஒழுக்கத்துக்கு மட்டும் பெயரில்லை. ஈகைக்கென்று ஒதுக்கி வைத்த சொத்துக்கும் அதுவே பெயர். அறச்சாலை, அறக்கட்டளை, தருமத்துக்கு விட்ட நிலமான அறப்புறம் எல்லாம் இந்தப் பொருளில் வந்தவை. அப்படி ஒதுக்கியதைக் காப்பவர் அறங்காவலர்.

காப்பது என்றால் என்ன என்பதற்குச் சோழர் காலக் கல்வெட்டுகளில் துல்லியமான கணக்கே இருக்கிறது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பார்கள். ஆடுகள் இடையரிடம் போகும். அவர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளைச் 'சாவா மூவாப் பேராடு' என்று குறித்தார்கள். சாகும் ஆடுகளுக்கு ஈடாகக் குட்டிகளைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நெய்யைச் செலவிடலாம், மந்தையைத் தொடக்கூடாது. இந்தத் தருமத்தைக் காப்பவரின் திருவடி என் தலைமேல் என்று முடியும் கல்வெட்டுகள் பல உண்டு. கொடுத்தவரே காப்பவரின் காலடியில் தலை வைக்கிறார்!

இன்றைய கணக்கில் பார்ப்போம். மாணவர் உதவிக்கென்று ஒருவர் 1,00,000 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து, முதல் தொகை குறையக்கூடாது என்று எழுதியும் தருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி என்றால் கையில் கிடைப்பது 3,000 வெள்ளி. ஆளுக்கு 600 வீதம் ஐந்து பேருக்குத்தான் வரும். விண்ணப்பம் 20 வந்துவிட்டது, எல்லோரும் பாவம் என்று செயலவை (நிர்வாகக் குழு) அந்த முதல் தொகையில் கை வைக்கத் தொடங்கும்போது, முடியாது என்று சொல்ல ஒருவர் வேண்டும். அப்படிச் சொல்லத்தான் அறங்காவலர். கேட்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடு கேட்பதால் இது திருடனைத் தடுப்பதைவிடச் சிரமமான வேலை.

இந்தச் சொல்லுக்குப் பதிலாகப் புழங்கும் வேறு சில சொற்களையும் பார்க்கலாம்.

தர்மகர்த்தா: வடசொல், தருமம் செய்பவர் என்பது நேர்ப்பொருள். கோயில் வட்டாரத்தில் இன்னும் கேட்கிறது. தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டம் தமிழில் பேசும்போது அறங்காவலர் என்கிறது. அதோடு ஒட்டி வந்த 'பரம்பரை அறங்காவலர்' என்ற தொடரை மட்டும் வறுமை ஒழிப்பு அமைப்புகள் அங்கேயே விட்டுவிடுவது நல்லது.

புரவலர்: புரத்தல், அதாவது காத்தல். வேர்ப்பொருள் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் சங்கப் பாடல்களில் புரவலர் இருந்தால் எதிரே இரவலர் நிற்பார். கையேந்துபவர் இல்லாமல் ஆக்குவதே நோக்கம் என்று சொல்லும் அமைப்பின் தலைமைக்கு இந்தச் சொல் பொருந்தாது. நிகழ்ச்சிக்கு வந்து காசோலை கொடுக்கும் பிரமுகருக்கு வைத்துக்கொள்ளலாம்.

கங்காணி: கண்காணி என்பதன் பேச்சு வடிவம். பொருளை மட்டும் பார்த்தால் நிர்வாகக் குழு செய்ய வேண்டிய வேலைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் பால்மரத் தோட்டத்து வரலாறு அதைக் கெடுத்துவிட்டது. கங்காணி ஆள் பிடித்து வந்தார். வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளுக்கும் தலைக்காசு வாங்கினார். கண்காணிக்கப்படுபவரின் எண்ணிக்கையில் அவர் வருமானம் நின்றது. அறங்காவலர் இலக்கணம் அதற்கு நேர் எதிர்: தாம் காக்கும் பொருளிலிருந்து தமக்கு ஒரு காசும் வரக்கூடாது. போக்குவரத்துச் செலவை ரசீது காட்டி வாங்கலாம். படி, சம்பளம், கமிஷன் கூடாது. முழுநேரம் வேலை செய்து அமைப்பை நடத்துபவருக்குச் சம்பளம் கொடுப்பது தவறில்லை. அவரைச் செயல் இயக்குநர் என்று அழைத்து, அவர் சம்பளத்தை அவர் இல்லாத கூட்டத்தில் முடிவு செய்ய வேண்டும்.

வாரியம்: போர்டு என்ற ஆங்கிலச் சொல் முதலில் பலகையை, பிறகு சாப்பாட்டு மேசையை, பிறகு அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களைக் குறித்தது. தமிழில் நாம் எழுதும் வாரியம் இன்று நேற்று உருவாக்கியதில்லை. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் இருக்கின்றன. குடவோலையில் (குடத்திலிட்ட பெயர் ஓலைகளில் ஒன்றை எடுக்கும் முறையில்) பெயர் வரும். பதவி 360 நாள். வயது 35க்கு மேல் 70க்குள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவருக்கு இடமில்லை, அவருடைய நெருங்கிய உறவினருக்கும் இல்லை. இந்த ஒரு விதியை இன்றைய சங்கச் சட்டவிதிகளில் சேர்த்தால் எத்தனை செயலவைகள் காலியாகுமோ! அதே கல்வெட்டு பொதுவாகக் கால் வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் வரி கட்டும் நிலம் உள்ளவரைத்தான் சேர்த்தது என்பதையும் மறைக்கக்கூடாது. ஏழைக்கு அந்த வாரியத்தில் இடமில்லை.

அந்தக் குறை இன்றும் தீர்ந்தபாடில்லை. வறுமையை ஒழிப்பதாகச் சொல்லும் குழுவில் டாக்டர், வக்கீல், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் எல்லோரும் இருப்பார்கள். வறுமையில் இருப்பவர் இருக்கமாட்டார். வேறு மாதிரிகளும் உண்டு. துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், துண்டாடப்பட்ட தோட்டங்களில் வேலை இழந்துகொண்டிருந்த தொழிலாளரையே பங்குதாரராக்கியது. ஏழைகளுக்குச் சிறுகடன் கொடுக்கும் வங்கதேசத்துக் கிராமீன் வங்கியின் வாரியத்தில் ஒன்பது இடங்களைக் கடன் வாங்கிய உறுப்பினர்களே தேர்ந்தெடுத்தார்கள். மலேசியாவில் 1987இல் தோன்றிய அமானா இக்தியார் என்ற சிறுகடன் அமைப்பு, கடன் கொடுக்கும் முறையைக் கிராமீனிடம் எடுத்துக்கொண்டது. அதன் பெயரிலேயே அமானா இருப்பதைக் கவனிக்கலாம்.

மலேசியாவில் எந்தச் சொல்லை எங்கே எழுதுவது என்பது அமைப்பு எந்தச் சட்டத்தில் பதிவானது என்பதைப் பொறுத்தது. 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தில் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து சங்கப் பதிவிலாகாவில் பதிந்திருந்தால், நடத்துபவர்கள் செயலவை உறுப்பினர்கள். சொத்தை வைத்திருக்கத் தனியாக டிரஸ்டிகளை, வழக்கமாக மூவரை, பொதுக்கூட்டம் நியமிக்கும். அப்படி நியமிக்காவிட்டால் அசையும் சொத்து செயலவையின் பொறுப்பில் இருப்பதாகவே சட்டம் கொள்ளும். ஆகவே 'நான் டிரஸ்டி இல்லை' என்று எந்தச் செயலவை உறுப்பினரும் தப்பிக்க முடியாது. உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட (பங்குகள் இல்லாத) நிறுவனமாக 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் பதிந்திருந்தால் அவர்கள் இயக்குநர்கள். 1952ஆம் ஆண்டு அறங்காவலர் சட்டத்தின் கீழ் பதிந்திருந்தால் மட்டுமே முழுப்பொருளில் அறங்காவலர் குழு.

கெட்டுப்போவது பெரும்பாலும் சிறிய இடத்தில்தான். தலைவர் கோலாலம்பூரில் வேலை செய்கிறார். மாதம் ஒரு முறைதான் ஊருக்கு வருவார். அவசரத்துக்கு ஆகும் என்று பத்துக் காசோலைத் தாள்களில் வெறுமனே கையெழுத்துப் போட்டுப் பொருளாளரிடம் கொடுத்துவிடுகிறார். இரண்டு கையெழுத்து விதி அந்த நிமிடமே ஒரு கையெழுத்தாகிவிட்டது. இதற்கு மருந்து, ஊரிலேயே இருக்கும் இன்னொருவரை மாற்றுக் கையெழுத்தாளராக வங்கியில் பதிவு செய்வதுதான். அதோடு ஒவ்வொரு கூட்டத்திலும் வங்கி அறிக்கையின் மூலப்பிரதி மேசைமேல் இருக்க வேண்டும். ரசீதுப் புத்தகத்தின் எண்கள் விட்டுப்போகாமல் வருகின்றனவா என்று பொருளாளர் அல்லாத ஒருவர் புரட்டிப் பார்க்க வேண்டும். ரத்து செய்த ரசீது என்றால் இரண்டு பிரதியும் புத்தகத்திலேயே ஒட்டியிருக்க வேண்டும்.

மளிகைப் பை வழங்குவதிலும் இதே கவனம் தேவை. செயலவை உறுப்பினரின் கடையிலேயே அரிசி வாங்குவது குற்றமில்லை. விலைப்பட்டியல் மூன்று வாங்க வேண்டும். கடைக்காரர் தம் தொடர்பைச் சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே போக வேண்டும். அவர் போனதும் வந்ததும் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும். பயனாளியின் வீட்டைப் போய்ப் பார்த்தவரும் உதவிக்கு ஒப்புதல் தருபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. யார் ஏழை என்பதற்கும் எழுதி வைத்த அளவுகோல் வேண்டும். தேசிய வறுமைக்கோடு மாதக் குடும்ப வருமானம் 980 வெள்ளியாக இருந்தது. 2020இல் அறிவித்த புதிய கணக்கில் 2,208 ஆனது. 2022ஆம் ஆண்டுக்கு 2,589. பழைய பாரத்தையே நகலெடுத்துக்கொண்டிருக்கும் அமைப்பு, 1,500 வெள்ளிக் குடும்பத்தை வசதியானவர்கள் என்று திருப்பி அனுப்பிவிடும்.

ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். தொடர்ந்து அனுப்பாத சங்கத்தின் பதிவு ரத்தாகலாம். டிரஸ்டி ஒருவர் இறந்துவிட்டால் அடுத்த பொதுக்கூட்டத்திலேயே மாற்று ஆளை நியமித்துத் தீர்மானத்தைக் குறிப்பில் ஏற்றி, இறப்புச் சான்றிதழோடு அதன் நகலையும் கோப்பில் வைத்துவிட வேண்டும். அப்படிச் செய்யாமல் மூவரும் காலமான பிறகு கிராண்டை (நில உரிமைப் பத்திரத்தை) எடுத்துக்கொண்டு நில அலுவலகத்துக்குப் போனால், அங்கே அவர்களின் வாரிசுகளைத்தான் கேட்பார்கள். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதிந்த குழுவுக்கு இந்தத் தொல்லை இல்லை: நிலம் ஆள்களின் பேரில் இல்லாமல் குழுவின் பேரிலேயே இருப்பதால், ஆள் மாறினாலும் கிராண்டில் பெயர் மாற்ற வேண்டியதில்லை.