கோவிட் ஊசியும் இதயமும்: நெல்லை மாநகரை வைத்து ஒரு கணக்கு

வண்ணார்பேட்டையிலோ மேலப்பாளையத்திலோ முப்பது வயதுக்காரர் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டால் போதும். "ஊசி போட்ட பொறவுதான் வே எளவட்டப் பயலுவ இப்படிப் பொசுக்குனு போறானுவ" என்ற பேச்சு டீ ஆறுவதற்குள் வந்துவிடும். பேச்சு முழுப் பொய் அல்ல. கோவிட் தடுப்பூசிகளால் ஒரு சிலருக்கு இதயத் தசையிலும் ரத்தக்குழாயிலும் கேடு வந்தது உண்மைதான். எந்த ஊசி, எத்தனை நாளுக்குள், எத்தனை லட்சம் பேரில் என்று கேட்காமல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதில்தான் பிசகு.

முதலில் எந்த ஊசி என்று பார்ப்போம். வாட்ஸப்பில் சுற்றுகிற இதயத் தசை அழற்சிச் செய்திகள் பெரும்பாலும் ஃபைசர், மாடர்னா என்ற எம்ஆர்என்ஏ ஊசிகளைப் பற்றியவை (வைரஸின் புரதம் ஒன்றைச் செய்யும் குறிப்பை உடலுக்குள் அனுப்பும் வகை). அந்த அழற்சிக்கு ஓர் அடையாளம் உண்டு. இரண்டாம் டோஸ் போட்ட ஒரு வாரத்துக்குள், பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில், பதின்ம வயது ஆண்களுக்கும் இளைஞர்களுக்கும் நெஞ்சுவலியோடு வரும். இதயத் தசை காயப்பட்டால் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறியிருக்கும். அமெரிக்காவில் 16, 17 வயதுப் பையன்களிடம் ஃபைசர் இரண்டாம் டோஸுக்குப் பிறகு 10 லட்சம் டோஸுக்குச் சுமார் 106 பேருக்கு இது பதிவானது. பெரும்பாலோர் சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்து தேறிவிட்டார்கள்.

நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பள்ளிக்கூட முகாம்களிலும் போட்டது அந்த ஊசிகள் அல்ல. 2021 ஜனவரி 16 முதல் பெரியவர்களுக்குக் கோவிஷீல்டும் கோவேக்சினும் வந்தன. 15 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு 2022 ஜனவரி 3 முதல் கோவேக்சின், அதே மார்ச்சில் 12 முதல் 14 வயதுக்குக் கோர்பிவேக்ஸ். கோவேக்சினில் இருப்பது செயலிழக்க வைத்த முழு வைரஸ், கோர்பிவேக்ஸில் இருப்பது ஒரு புரதத் துண்டு. ஆகவே அமெரிக்கப் பையனின் 106 என்ற எண்ணை அம்பாசமுத்திரத்துப் பையன் தலையில் கட்டுவது தப்புக் கணக்கு.

நமக்கு உரிய கேள்வி கோவிஷீல்டைப் பற்றியது. நம் கைகளில் ஏறியதில் பெரும்பகுதி அதுதான். அதில் சிம்பன்சியிடமிருந்து எடுத்த, உடலுக்குள் பெருக முடியாதபடி மாற்றிய அடினோவைரஸ் இருக்கிறது. அதன் மேற்பரப்பு எதிர்மின்னூட்டம் கொண்டது. ரத்தத் தட்டணுக்கள் சுரக்கும் பிஎஃப்-4 என்ற புரதம் நேர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஒட்டிக்கொள்ளும். மிகச் சிலரின் எதிர்ப்பு மண்டலம் இந்த ஒட்டுப்பொருளை எதிரி என்று எண்ணி, பிஎஃப்-4-க்கே எதிரணு தயாரித்துவிடுகிறது. அந்த எதிரணு போய்த் தட்டணுக்களை உசுப்பிவிட, அவை கண்ட இடத்தில் கட்டியாகின்றன. அப்படிச் செலவாவதால் ரத்தத்தில் தட்டணு எண்ணிக்கையும் சரிகிறது. ரத்தம் உறைகிறது, அதே நேரம் தட்டணு குறைகிறது. டி.டி.எஸ். என்று சொல்லும் இந்த முரண்தான் நோயின் முத்திரை. உறைகட்டி பெரும்பாலும் மூளைச் சிரைகளிலும் வயிற்றுச் சிரைகளிலும் விழும். எதிரணு உண்டாக நாளாகும் என்பதால் இது முதல் டோஸுக்குப் பின் சுமார் 5 முதல் 30 நாளுக்குள் வரும். 2021-ல் போட்ட ஊசிக்கு 2025-ல் கைப்பந்து ஆடும்போது விழுந்தவரை இதோடு முடிச்சுப்போட இந்த வழிமுறையில் இடமே இல்லை.

இனி அளவு. "10 லட்சத்தில் இத்தனை" என்றால் மனசில் நிற்காது. 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சி மக்கள்தொகை சுமார் 4.74 லட்சம். டவுன், ஜங்ஷன், பாளை, மேலப்பாளையம் எல்லாம் சேர்ந்து. பிரிட்டனில் கோடிக்கணக்கானோரின் மருத்துவப் பதிவுகளிலிருந்து வந்த விகிதங்களை இந்த ஊரின் மீது வைத்துப் பார்ப்போம்.

ஊரே கோவிஷீல்டு வகை ஊசியின் முதல் டோஸ் போட்டால், அதனால் கூடுதலாக இதயத் தசை அழற்சி வருவது ஒரே ஒருவருக்கு. ஊர் முழுக்கக் கோவிட் பரிசோதனையில் பாசிட்டிவ் ஆனால் 19 பேருக்கு. சிரை ரத்த உறைவில் இடைவெளி இன்னும் பெரிது. ஊசியால் கூடுதல் 3 பேர், தொற்றால் சுமார் 600 பேர். மேலே சொன்ன டி.டி.எஸ். தனிக் கணக்கு, அது சுமார் 7 பேருக்கு வரும். பிரிட்டனில் அது வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் இறந்தார். ஆக ஊரில் ஓர் உயிர், அல்லது இரண்டு. அந்த வீட்டுக்கு அது அபூர்வம் அல்ல, எல்லாமே அதுதான். இதை மறைத்துவிட்டு "ஊசியால் ஒன்றும் ஆகாது" என்று மேடையில் பேசியதுதான் பிறகு வதந்திக்கு உரமாயிற்று என்பது என் கருத்து.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டையும் உண்டு. தொற்றின் விகிதம் பரிசோதனையில் பாசிட்டிவ் ஆனவர்களை வைத்துப் போட்டது. இருமல்கூட இல்லாமல் வந்துபோனவர்கள் அதில் சேரவில்லை. 2021 ஜூன், ஜூலையில் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) நடத்திய நாடு தழுவிய ரத்தப் பரிசோதனையில் 67.6 சதவீதம் பேருக்கு எதிரணு இருந்தது. சோதனைக்கே போகாமல் தொற்று கண்டவர்கள் ஏராளம். அவர்களையும் சேர்த்து வகுத்தால் 600 குறையும். ஆனால் 3 வரை இறங்காது.

தொற்று ஏன் இதயத்தை இவ்வளவு வாட்டுகிறது? வைரஸ் நுழையும் வாசலான ஏசிஇ-2 நுரையீரலில் மட்டுமல்ல, இதயத்திலும் ரத்தக்குழாய்களிலும் இருக்கிறது. குழாயின் உள்படலம் அழற்சியில் சொரசொரத்துப்போனால் ரத்தம் அங்கே உறையத் தயாராகிறது. ஏற்கெனவே கொழுப்புப் படிவு உள்ள குழாயில், படிவை மூடியிருக்கும் மெல்லிய தோல் கிழிகிறது. காய்ச்சலில் துடிப்பு ஏறி இதயம் அதிக ஆக்சிஜன் கேட்கும் அதே வேளையில் நுரையீரலால் கொடுக்க முடிவதில்லை. ஸ்வீடனில் 86,742 கோவிட் நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, நோய் கண்ட முதல் வாரத்தில் மாரடைப்பு அபாயம் சுமார் மூன்று மடங்காவது ஏறியிருந்தது. சர்க்கரையும் பிரஷரும் வீட்டுக்கு வீடு இருக்கும் நம் ஊரில் இந்தக் கடைசி விஷயம்தான் கவனிக்கவேண்டியது.

"கூடுதல்" என்ற சொல்லையும் விளக்கவேண்டும். ஓர் ஊரில் ஆண்டுக்கு 1,000 மாரடைப்பு என்று வைத்துக்கொள்வோம். 28 நாளுக்கு 77 வரும். எல்லோருக்கும் ஒரே நாளில் வெறும் உப்புநீரை ஊசியாகப் போட்டாலும், அடுத்த 28 நாளில் அந்த 77 பேர் விழத்தான் செய்வார்கள். வீட்டார் ஊசியைத்தான் சொல்வார்கள். அதனால் ஆய்வாளர்கள் ஒரே ஆளின் ஊசிக்குப் பிந்தைய வாரங்களை அவரது மற்ற வாரங்களோடு ஒப்பிட்டு, 77-க்கு மேல் போனதை மட்டும் ஊசியின் கணக்கில் எழுதுகிறார்கள்.

தராசு எப்போதும் ஊசிப் பக்கமே சாய்ந்தது என்றும் சொல்லமுடியாது. பிரிட்டனில் 40 வயதுக்குட்பட்ட ஆண்களிடம் மாடர்னா இரண்டாம் டோஸால் 10 லட்சத்துக்கு 97 கூடுதல் அழற்சி, தொற்றால் 16. ஸ்வீடனும் பின்லாந்தும் 2021 அக்டோபரில் இளைஞர்களுக்கு மாடர்னாவை நிறுத்தின. கோவிஷீல்டின் தாய் ஊசியான ஆஸ்ட்ராஜெனகாவை பிரிட்டன் 2021 மே மாதம் 40 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தவிர்க்கச் சொன்னது. அங்கே அப்போது தொற்று தணிந்திருந்தது, மாற்று ஊசியும் கையில் இருந்தது. அதே மே மாதம் இங்கே டெல்டா அலை உச்சத்தில் இருந்தது, ஆக்சிஜன் படுக்கைக்கு ஆம்புலன்ஸ் வரிசையில் நின்றது. ஒரே ஊசி, இரண்டு ஊரில் இரண்டு சரியான முடிவு.

அப்படியானால் இளவயது திடீர் மரணங்கள்? சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் 47 மருத்துவமனைகளிலிருந்து, 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை காரணம் தெரியாமல் திடீரென இறந்த 18 முதல் 45 வயதுக்காரர்கள் 729 பேரை எடுத்தது. ஒவ்வொருவருக்கும் அதே பகுதி, அதே வயது, அதே பாலினத்தில் நான்கு பேரை ஒப்பீட்டுக்கு வைத்தது. இரண்டு டோஸ் போட்டவர்களிடம் இறப்பு வாய்ப்பு பாதியாக இருந்தது. உடம்பைப் பேணுகிறவர்கள்தான் முந்திப்போய் ஊசி போட்டிருப்பார்கள் என்பதால் அந்தப் பாதி முழுவதையும் ஊசியின் புகழாக எழுதமாட்டேன். இறப்பு வாய்ப்பை ஏற்றியவை வேறு: கோவிட்டுக்காக ஆஸ்பத்திரியில் படுத்தது, குடும்பத்தில் திடீர் மரணம் நடந்திருப்பது, முந்தைய 48 மணி நேரத்தில் மட்டுமீறிக் குடித்தது, அதே 48 மணி நேரத்தில் கடும் உடலுழைப்பு. குடியின் எடை மட்டும் ஐந்து மடங்கு.

இப்போது ஒருவர் "எனக்கு உறைவு இருக்குமோ" என்று லேபில் டி-டைமர் (உறைகட்டி கரையும் தடயத்தைக் காட்டும் ரத்தச் சோதனை) எடுக்கப்போனால் காசுதான் வீண். அந்த எண் வயதானாலும் ஏறும், சாதாரணக் காய்ச்சலிலும் ஏறும். பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்ப்பது பயனுள்ளது. கோவிட் வந்துபோன முதல் மாதத்தில் நெஞ்சு அழுத்தம், மூச்சிரைப்பு, படபடப்பு இருந்தால் ஜிம்முக்குப் போகாமல் ஈசிஜிக்குப் போகவேண்டும். இதயத் தசை அழற்சி உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம் ஓட்டமும் கபடியும் கிடையாது.

நடுநெஞ்சில் இறுக்கம், இடதுகைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை என்றால் வாயு என்று சோடா குடித்து நேரத்தைப் போக்கக்கூடாது. 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரைகள் வைத்திருக்கிறார்கள்: ஆஸ்பிரின் 2, குளோபிடோகிரெல் 4, அட்டார்வாஸ்டாடின் 8. மாரடைப்பு என்று தெரிந்தால் டாக்டர் அதைக் கொடுத்துத்தான் 108-ல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவார். களக்காட்டிலிருந்தோ மாஞ்சோலையிலிருந்தோ பாளை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு வந்துசேரும் நேரத்தை எண்ணிப் பார்த்தால் அந்த மாத்திரைகளின் மதிப்பு தெரியும்.