எங்கள் பிள்ளைகளைப் போட்டோ எடுக்காதீர்கள்

போன ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் குழந்தைகள் இல்லத்துக்கு ஒரு குடும்பம் வந்தது. மகனுக்குப் பிறந்தநாள். கேக், பிரியாணி, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நோட்டு. எல்லாம் சரி. 'போட்டோ எடுக்கக் கூடாது' என்று வாசலில் எழுதி வைத்திருக்கிறோம். நானும் வாய்விட்டுச் சொன்னேன். தலையாட்டினார்கள். சாயங்காலம் பார்த்தால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் எங்கள் தோட்டமான விளை, மட்டி வாழைக் குலையைத் தூக்கிப் பிடித்தபடி ஒரு பெண்பிள்ளை, பின்னால் பளிச்சென்று இல்லத்தின் போர்டு. மேலே 'தாய் தந்தை இல்லாத பிஞ்சுகளோடு ஒரு நாள்.'

யார் சொன்னார்கள் தாய் தந்தை இல்லை என்று?

இல்லத்தில் இருந்தால் அநாதை என்பதை எத்தனை பேரிடம்தான் மறுத்துச் சொல்வது! இங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு அம்மாவோ அப்பாவோ உண்டு. முந்திரி ஆலைக்குப் போகிற அம்மா, கேரளாவில் வீட்டுவேலை பார்க்கிற அம்மா, படுத்த படுக்கையாகிவிட்ட அப்பா. வறுமையும் குடியும் நோயும்தான் இங்கே கொண்டுவந்து விட்டிருக்கின்றன. லீவு நாளில் பஸ் மாறி மாறி வந்து, பிள்ளைக்குத் தலைவாரிவிட்டுப் போகிறவள் அந்த ஸ்டேட்டஸைப் பார்த்தால் அவளுக்கு எப்படி இருக்கும்? திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் "உனக்கு அம்மா இல்லியாமே" என்று கேட்பார்கள். பதில் சொல்ல வேண்டியது அந்தப் பிள்ளைதான், நீங்கள் இல்லை.

அடுத்தது இதைவிடப் பெரிய விஷயம். சில பிள்ளைகள் இங்கே இருப்பதே யாரோ ஒருவர் கண்ணில் படக் கூடாது என்பதற்காகத்தான். குழந்தைகள் நலக் குழு உத்தரவு போட்டு அனுப்பியிருக்கும், வழக்கு நடந்துகொண்டிருக்கும். எந்தப் பிள்ளை, என்ன வழக்கு என்று சொல்ல மாட்டோம், தயவுசெய்து கேட்காதீர்கள். நம்முடைய கன்னியாகுமரி சின்ன மாவட்டம். குலசேகரத்தில் போட்ட படம் ராத்திரிக்குள் குளச்சலில் யாருடைய போனில் இருக்கும் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"முகத்தை மறைச்சுட்டோமே" என்பார்கள். முகத்தில் ஒரு இதயப் படத்தை ஒட்டிவிட்டு, யூனிஃபார்மையும் போர்டையும் அப்படியே விட்டிருப்பார்கள். "ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல போயிடுமே" என்பார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்க ஒரு நொடி போதும். "பார்த்துட்டு நாலு பேர் உதவுவாங்க" என்பதுதான் எனக்கு அதிகம் எரிச்சல் தருவது. உதவி வேண்டுமென்றால் கேட்க எங்களுக்கு வாய் இருக்கிறது.

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் பிரிவு 74 என்று ஒன்று உண்டு. இப்படிப்பட்ட பிள்ளைகளின் பெயர், பள்ளி, படம் என்று அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். நல்ல மனசோடு போட்டேன் என்றால் விலக்கு என்று அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

விளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) பிடுங்குவதும் வாழைக்கு மண் அணைப்பதும் கூலியாட்கள். பிள்ளைகள் கோழிமுட்டை பொறுக்குவார்கள், கீரைப் பாத்திக்குத் தண்ணீர் விடுவார்கள், அதுவும் பிடித்தவர்கள் மட்டும். பரீட்சை நேரத்தில் அதுவும் கிடையாது. ஒருமுறை வந்திருந்த ஒருவர் போஸுக்காக ஒரு பையன் கையில் மண்வெட்டியைக் கொடுத்துப் படம் எடுத்தார். அது சுற்றிச் சுற்றி, குழந்தைத் தொழிலாளர் என்று புகாராகி, விசாரணைக்கு ஆள் வந்தது. வந்ததில் தப்பே இல்லை, வர வேண்டியதுதான். மண்வெட்டி கொடுத்தவர்தான் அன்றைக்குப் போனை எடுக்கவில்லை.

வாருங்கள், வர வேண்டாம் என்று சொல்லவில்லை. போனை ஆபீஸ் மேஜையில் வைத்துவிட்டு உள்ளே வாருங்கள். படம் எடுத்தே தீர வேண்டுமென்றால் பசுவோடு எடுங்கள், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய மட்டி வாழையோடு எடுங்கள். அப்புறம், வருவதற்கு முன்னால் என்ன தேவை என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு மேல் பிரியாணி வருகிறது; மாட்டுத் தீவனத்துக்கும் தேங்காய் வெட்டு கூலிக்கும் யாரும் வருவதில்லை.

ஏற்கெனவே போட்ட படங்கள் இருந்தால் இன்றைக்கே அழித்துவிடுங்கள். ஃபேஸ்புக்கில் பழைய பிறந்தநாள் ஆல்பத்தையும் பாருங்கள். குடும்ப குரூப்பில் போட்டு நாளாகிவிட்டது என்றால், அவரவர் போனிலிருந்து அழிக்கச் சொல்லி அங்கேயே ஒரு மெசேஜ் போடுங்கள். கொஞ்சம் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.